ஊருக்குப் பணம் அனுப்பிய அன்று ரேட் என்ன? மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

திங்கள்சந்தைக்காரன்:
அப்பா 1990-இல் குவைத்திலிருந்து ஜோர்டான் வழியாகத் தப்பி வந்தவர். அந்தக் கதை இங்கே பல வீடுகளில் உண்டு, அதனால் விடுகிறேன். பேண்ட் இடுப்புப் பட்டிக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த தினார் நோட்டுகளோடு நாகர்கோவிலுக்குப் போனோம். ஈராக் குவைத்தைப் பிடித்த ஆகஸ்ட் 2-க்கு முன்னால் ஒரு தினார் 60 ரூபாய் பக்கம். பணம் மாற்றுகிறவர் நோட்டைத் தொடவே இல்லை. "ஈராக்குக்காரன் குவைத்துன்னு ஒரு நாடே இப்ப இல்லங்கான், இத வச்சு நான் என்ன செய்ய?" என்றார். அப்பா கவுண்டர் மேலேயே ஒவ்வொரு நோட்டையும் நீவி நீவி அடுக்கினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

1991 மார்ச்சில் அங்கே புது நோட்டு வந்தது. ஈராக் அள்ளிக்கொண்டு போன நோட்டுகளின் எண் வரிசை மட்டும் செல்லாது, மற்ற பழைய நோட்டை மாற்றலாம் என்றார்கள். திரும்பிப் போன சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டோம். பணம் வருவதற்குள் இங்கே ஜூலையில் ரூபாய் மதிப்பை இரண்டு தடவை குறைத்துவிட்டார்கள். யாரும் தொடாத அதே தினாருக்கு 80 ரூபாய்க்கு மேல் கிடைத்தது. ஆனால் அம்மாவின் செயின் அதற்குள் ஏலத்தில் போயிருந்தது.

தூத்தூர் கடல்:
பஹ்ரைன், 2013. மே மாதம் ஒரு தினாருக்கு 145 பக்கம் கிடைத்தது. ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாயைத் தாண்டியதும் தினார் 180-க்கு மேலே போய்விட்டது. மனாமாவில் எக்ஸ்சேஞ்ச் வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் வரிசை. எனக்கு முன்னால் நின்ற நம் பக்கத்துப் பையன் போனில், "அம்மா, சொசைட்டில அடகு வச்ச நக எவ்வளவுக்கு இருக்கு? வட்டியும் சேத்துக் கேட்டுட்டு உடனே சொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தான். பதில் வருவதற்குள் போர்டில் எண் மாறிவிட்டது. அவன் முகம் போன போக்கு! நான் போட் முதலாளியிடம் முன்பணம் வாங்கி அனுப்பி, வீட்டுக்காரியின் வளையலை மீட்டேன். அக்டோபரில் ரேட் 165-க்கு இறங்கிவிட்டது. ஏறும்போது அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் நர்ஸ்:
தூத்தூர் அண்ணா, கடன் வாங்கி அனுப்பும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அடுத்த மாதமும் ரேட் ஏறியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இன்னொரு கடனா?

நான் சவுதிக்குப் போனது 2008 தொடக்கத்தில். ரியால் பத்தரை ரூபாய். பக்கத்துக் கட்டில் சேச்சி ஏஜென்ட் கடனைக் கால்குலேட்டரில் அடித்துப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்பது 1986-லிருந்து மாறவில்லை. துபாய், அபுதாபியில் ஓடும் திர்ஹாம் 3.6725 என்று 1997-லிருந்து நிற்கிறது. பஹ்ரைன் தினாரும் அப்படித்தான், 0.376. ஆக, ரியால் ஏறுமா என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. டாலருக்கு எதிராக நம் ரூபாய் இறங்குமா என்று கேட்க வேண்டும். அதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஊரில் வட்டிக்கு வாங்கியிருந்தால் ரேட்டுக்காகக் காத்திருக்காமல் மாதாமாதம் அடையுங்கள், பத்துப் பைசா ஏறுவதற்குள் வட்டி அதைத் தின்றுவிடும். போர்டில் உள்ள ரேட்டை மட்டும் பார்க்காதீர்கள், சார்ஜ் போக வீட்டில் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்று கேளுங்கள். குழல்பணத்தில், அதாவது ஹவாலாவில், கொஞ்சம் கூடக் கிடைக்கிறதே என்று போகவே போகாதீர்கள், நாளைக்கு நிலம் வாங்கும்போது கணக்குக் காட்ட முடியாமல் திண்டாடுவீர்கள்.

குளச்சல் பேரன்:
எங்கள் தாத்தா துபாயில் இருந்த காலத்தில் இந்தக் கணக்கே கிடையாது. அங்கேயும் ரூபாய்தான். 1959-லிருந்து நம் ரிசர்வ் வங்கியே வளைகுடாவுக்கென்று தனி நிறத்தில் நோட்டு அடித்தது, எண்ணுக்கு முன்னால் இசட் எழுத்து இருக்கும். அதில் சிவப்புப் பத்து ரூபாய் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. குவைத் 1961-லும் பஹ்ரைன் 1965-லும் சொந்த தினாருக்கு மாறிவிட்டன. துபாய் மாறவில்லை. 1966 ஜூன் 6 அன்று டெல்லியில் டாலரை 4.76-லிருந்து 7.50 ரூபாய்க்குக் கொண்டுபோனதும் அந்த நோட்டின் மதிப்பும் கூடவே சரிந்தது. தாத்தா டிரங்குப் பெட்டியில் சேர்த்துவைத்திருந்தது முழுக்க அந்த நோட்டு. கடைசிவரை ஜூன் மாதம் வந்தாலே அந்தப் பேச்சை எடுப்பார். அதன்பிறகுதான் துபாயும் ரூபாயை விட்டது.

ஆரல்வாய்மொழி:
வெளிநாடு எதற்கு? நம் கன்னியாகுமரி ஜில்லா திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது இந்த ஊருக்குள்ளேயே இரண்டு பணம் ஓடியது. சமஸ்தானத்தின் சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம் என்ற சின்னக் காசு, பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½. பாட்டி சொல்வாள்: திருநெல்வேலியில் கிடைத்த ரூபாயை இங்கே கடையில் நீட்டினால், கடைக்காரர் குழி குழியாக இருக்கும் சக்கரப் பலகையில் காசைக் கொட்டிக் குலுக்கி, 28 எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாராம். அவளுடைய அம்மா அந்த அரைச் சக்கரம் கைக்கு வரும்வரை கடை வாசலை விட்டு நகரமாட்டாளாம். இதைச் சொல்லும்போது பாட்டியின் குரல் ஓங்கிவிடும்.

தூத்தூர் கடல்:
நர்ஸ் தங்கச்சி, நீங்கள் சொன்ன கணக்கு மாதச் சம்பளக்காரர்களுக்குச் சரி. எங்களுக்குச் சம்பளம் கிடையாது, மீனில் பங்கு. காற்று அடித்தால் போட் கரையில் கிடக்கும், அந்த மாதம் அனுப்ப ஒன்றும் இருக்காது. முதலாளியிடம் வாங்கியதற்கு வட்டியும் இல்லை, அடுத்த பங்கில் கழித்துக்கொண்டார். குழல்பணத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதை மட்டும் எங்கள் பையன்களின் குழுவிலும் அனுப்பிவிட்டேன்.