லேப்டாப் வேகத்துக்கு கிளீனர் சாஃப்ட்வேர் வாங்கலாமா?

நெய்தல்23

விண்டோஸ் 10, ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க் (5400 ஆர்பிஎம்). ஆன் செய்தால் டெஸ்க்டாப் வர இரண்டு நிமிடம், குரோம் திறக்க இன்னும் ஒரு நிமிடம். சி டிரைவில் 61 ஜிபி காலியாகத்தான் இருக்கிறது. வேலை என்று பார்த்தால் டேலி, எக்செல், குரோம், அவ்வளவுதான்.

ஒரு ஆப்டிமைசரின் இலவசப் பதிப்பில் ஸ்கேன் ஓட்டினேன். சிவப்பு எழுத்தில் 1,284 பிரச்சினைகள் என்கிறது, அதில் 900-க்கு மேல் ரெஜிஸ்ட்ரி. சரிசெய்ய ஒரு வருடச் சந்தா கட்ட வேண்டுமாம். ரேம் பூஸ்ட் பட்டன் மட்டும் இலவசம். அதை அழுத்தினால் 82% இருந்த ரேம் 55%-க்கு இறங்குகிறது, ஆனால் அடுத்த ஐந்து நிமிடம் எதைத் தொட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காசு கட்டினால் உருப்படுமா?

திருப்புளி

கட்டாதீர்கள்.

முதலில் அந்த 1,284. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் செட்டிங்ஸை எழுதி வைக்கும் பதிவேடு. அதை விண்டோஸ் தலை முதல் கால் வரை படித்துப் பார்த்துவிட்டு வேலை செய்வதில்லை. ஒரு புரோகிராம் தனக்கு வேண்டிய பதிவை அதன் பாதையைச் சொல்லி நேராகக் கேட்கும், கிடைத்ததும் போய்விடும். எப்போதோ நீக்கிய சாஃப்ட்வேரின் அநாதைப் பதிவு ஒரு மூலையில் கிடந்தால் அதை யாரும் தொடவே மாட்டார்கள். ஒவ்வொன்றும் சில நூறு பைட். தொள்ளாயிரத்தையும் சுத்தமாகத் துடைத்தால்கூட அரை எம்பி தேறுவது சந்தேகம். ஆனால் தேவையான பதிவு ஒன்று தவறுதலாகப் போய்விட்டால் பிரிண்டர் டிரைவரோ ஆபீஸ் ஆட்-இன்னோ நின்றுவிடும், ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே தன் கொள்கையில் எழுதி வைத்திருக்கிறது.

எண்ணிக்கையைக் காட்டி மிரட்டுவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ கடைகளில் இலவச 'பிசி ஹெல்த் செக்' என்று ஒன்று ஓடியது. கணினி மெதுவாக இருக்கிறதா, பாப்-அப் வருகிறதா என்ற மாதிரி நான்கு கேள்விகள். ஒன்றுக்கு ஆம் என்று டிக் செய்தாலே போதும், ஸ்கேன் என்ன கண்டதோ காணாததோ, மால்வேர் அறிகுறி இருப்பதாக முடிவு வரும். 2019-ல் அந்த நிறுவனமும் சாஃப்ட்வேர் கொடுத்த சப்போர்ட்.காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டித்தான் வழக்கை முடித்தன.

சி டிரைவில் 61 ஜிபி காலி என்றால் குப்பை உங்கள் பிரச்சினையே இல்லை. டிரைவ் நிரம்பி வழியும்போதுதான் சுத்தம் செய்வதால் வேகம் கிடைக்கும், ஏனென்றால் அப்டேட்டுக்கும் பேஜ் ஃபைலுக்கும் (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி வைக்கும் இடம்) இடம் இருக்காது.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் எத்தனை சதவீதம், எத்தனை எம்பி வேகம், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் எவ்வளவு? அடுத்து டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ (இலவசம்) போட்டு 05 (கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகள்), சி5 (படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை), சி7 (கேபிள் வழிப் பிழைகள்) வரிசைகளின் ரா வேல்யூ என்ன?

வெற்றுச்சுட்டி

ரேம் பூஸ்ட் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் அந்த ஐந்து நிமிடத் தவிப்புக்குக் காரணமே அதுதான்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமையும் அது ரேமில் கைவசம் வைத்திருக்கும் பக்கங்களை (ரேமின் சிறு துண்டுகள்) விட்டுவிடச் சொல்கிறது அந்தப் பட்டன். விண்டோஸ் அவற்றை ஸ்டாண்ட்பை (தேவைப்பட்டால் வேறு யாருக்கும் கொடுக்கலாம் என்ற) பட்டியலுக்குத் தள்ளும், மாறியிருந்தவற்றைப் பேஜ் ஃபைலில் எழுதவும் நேரும். ஸ்டாண்ட்பை 'காலி' கணக்கில் சேர்வதால் சதவீதம் சட்டென்று இறங்கும். பார்க்க அழகாக இருக்கும். திரும்ப குரோமைத் தொட்டவுடன் அதே பக்கங்களை மறுபடி கேட்க வேண்டும். இடையில் வேறு யாராவது அந்த இடத்தைப் பிடித்திருந்தால் டிஸ்க்கிலிருந்துதான் வர வேண்டும்.

உங்கள் டிஸ்க்கின் கதை என்ன? 5400 ஆர்பிஎம் என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட், சராசரியாகப் பாதிச் சுற்றுக் காத்திருப்பு, அதோடு டிஸ்க்கைப் படிக்கும் தலை நகரும் நேரம் 12 மில்லிசெகண்ட் அளவு. மொத்தம் 17, 18 ஆகிறது. அதாவது சிதறிக் கிடக்கும் துண்டுகளை விநாடிக்கு அறுபதுக்குள்தான் எடுக்க முடியும். ஒரு துண்டு 4 கேபி என்றால் விநாடிக்கு கால் எம்பி! சுழலும் பாகமே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதையே பல்லாயிரக்கணக்கில் எடுக்கும். எந்தச் சாஃப்ட்வேரும் இந்த இடைவெளியை மூடாது.

டாஸ்க் மேனேஜர் ஸ்டார்ட்-அப் பக்கத்தையும் பாருங்கள். வேண்டாதவற்றை டிசேபிள் செய்யலாம்; டச்பேட், ஆடியோ டிரைவர் சம்பந்தப்பட்டதை விட்டுவிடுங்கள். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றைத் தூக்குங்கள், கன்ட்ரோல் பேனலில் நீக்கியும் மிச்சம் இருந்தால் அந்த நிறுவனமே தனி ரிமூவல் டூல் வைத்திருக்கும்.

பாதிராத்திரி

இருவரும் சொல்வது சரிதான், ஆனால் கிளீனர் என்றாலே குப்பை என்று ஒதுக்கவும் முடியாது. 128 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் இரண்டு மூன்று பிரவுசர் வைத்திருந்தால் எல்லாவற்றின் கேஷையும் ஒரே இடத்தில் துடைக்க பிளீச்பிட் மாதிரி ஒன்று வசதிதான். சாஃப்ட்வேரை நீக்கியபின் ஆப்டேட்டாவில் (புரோகிராம்கள் தங்கள் ஃபைல்களை வைக்கும் இடம்) தங்கும் ஃபோல்டர்களை எடுக்க அன்இன்ஸ்டாலர் வகையும் உதவும். இவை இடத்துக்கு. வேகத்துக்கு அல்ல.

திருப்புளி

இடத்துக்கு என்றாலும் விண்டோஸில் இருப்பதே போதும் என்பேன். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். பெரிய அப்டேட்டுக்குப் பின் பழைய விண்டோஸ் ஃபோல்டர் கிடந்தால் அதையும் அங்கேயே எடுக்கலாம் (பத்து நாளில் தானாகவும் போய்விடும்). ஒரே எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அது குப்பை அல்ல, உங்கள் டவுன்லோட் ஃபோல்டரே. டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

இடம் எங்கே போனது என்று தெரியாவிட்டால் விஸ்ட்ரீ என்ற கருவியை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். என்டிஎஃப்எஸ்-ன் (விண்டோஸ் டிரைவில் ஃபைல்களை அடுக்கும் முறை) ஃபைல் அட்டவணையையே நேராகப் படிப்பதால் கொஞ்ச நேரத்தில் பட்டியல் வந்துவிடும். பெரும்பாலும் போனின் பேக்கப், வாட்ஸ்அப் வீடியோ, ஹைபர்னேஷன் ஃபைல் இவைதான் சிக்கும். ஹைபர்னேஷன் ஃபைல் (கணினியை அணைக்கும்போது ரேமில் இருப்பதை எழுதி வைக்கும் இடம்) ரேமில் 40% அளவு. அதை அணைத்தால் சீக்கிரம் ஆன் ஆக உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப்பும் சேர்ந்து போய்விடும், எனவே ஹார்டு டிஸ்க் லேப்டாப்பில் கை வைக்காதீர்கள். ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைக் காலி செய்யும் 'டிப்ஸ்' வீடியோக்களையும் நம்ப வேண்டாம்; அது புரோகிராம் சீக்கிரம் திறக்கத்தான் இருக்கிறது.

இன்னொன்று. கிளீனருக்கு முழு அட்மின் உரிமை கொடுக்கிறோம், மறக்கக் கூடாது. 2017 ஆகஸ்டில் வந்த சிசிகிளீனர் என்ற பிரபல கிளீனரின் 5.33-ன் 32 பிட் பதிப்பில் மால்வேர் கலந்திருந்தது. நிறுவனத்தின் சொந்த டிஜிட்டல் கையொப்பத்தோடு, அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறங்கியது. சுமார் 22.7 லட்சம் கணினிகளில் போய்ச் சேர்ந்த பிறகுதான் செப்டம்பரில் வெளியே தெரிந்தது.

நெய்தல்23

பார்த்தேன். சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100%, வேகம் 1.3 எம்பி, ரெஸ்பான்ஸ் டைம் 900 மில்லிசெகண்டுக்கு மேல் ஏறி இறங்குகிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சளில் 'காஷன்' என்கிறது. 05-ல் எல்லாம் பூஜ்யம், சி7-உம் பூஜ்யம், சி5-ல் 000000000018. டீஃப்ராக் ஓட்டினால் சரியாகுமா சார்?

திருப்புளி

ஓட்டாதீர்கள், தயவுசெய்து. அந்தக் கிளீனரையும் இப்போதே நிறுத்துங்கள்.

அந்த 18 பதினாறடிமான எண் (ஹெக்ஸ்). 16 + 8, நம் கணக்கில் 24. படிக்க முடியாமல் தடுமாறும் 24 செக்டார்கள் நிலுவையில் நிற்கின்றன. அப்படி ஒரு இடத்தில் டிரைவ் மாட்டினால் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும், அதுவரை பின்னால் வரிசையில் நிற்கும் வேலை எல்லாம் காத்திருக்கும். 900 மில்லிசெகண்ட் அங்கிருந்துதான் வருகிறது. மேலே சொன்ன 18 மில்லிசெகண்ட் கணக்கு நல்ல டிஸ்க்குக்கு. 05 இன்னும் பூஜ்யமாக இருப்பதில் ஆறுதல் வேண்டாம், அந்த இடங்களில் மறுபடி எழுத முயலும்போதுதான் அது ஏறும். சி7 பூஜ்யம் என்பதால் கேபிள் மேல் பழி போட முடியாது.

டீஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது), செக் டிஸ்க்கின் முழு ஸ்கேன், கிளீனரின் 'டீப் ஸ்கேன்' எல்லாமே டிஸ்க் முழுவதையும் உழும். சாகக் கிடப்பவனை ஓடவிடுகிற கதை.

முதல் வேலை டேலியின் டேட்டா ஃபோல்டர். கம்பெனி தேர்வு செய்யும் திரையில் அதன் பாதை தெரியும். அதை வெளி டிரைவுக்கு எடுத்துவிட்டு வேறு கணினியில் திறந்து பாருங்கள். பிறகு எக்செல், டாக்குமென்ட்ஸ், கடைசியாகப் போட்டோ வீடியோ. ஏதாவது ஒரு ஃபைலில் காப்பி நின்றால் அதை ஸ்கிப் செய்து மேலே போங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

டிஸ்க் மாற்றும் முன் டேலி ஹெல்ப் மெனுவின் லைசன்ஸ் பகுதிக்குப் போய், இன்டர்நெட் இருக்கும்போதே லைசன்ஸை சரண்டர் செய்யுங்கள். இதை மறந்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றினால் அப்புறம் டேலி சப்போர்ட்டிடம் போய் நிற்க வேண்டும்.

வெற்றுச்சுட்டி

புது டிரைவ் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி, 7 மிமீ தடிமன். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழு நகல்) செய்யாதீர்கள், அந்த 24 இடங்களில் குளோன் சாஃப்ட்வேர் முக்கிக்கொண்டு நிற்கும். புதிதாகவே விண்டோஸ் போடுங்கள். கீ கேட்டால் 'என்னிடம் கீ இல்லை' என்பதைத் தேர்ந்து, முன்பு இருந்த அதே எடிஷனைப் போட்டால் நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டோடுதான் ஒட்டியிருக்கிறது, டிஸ்க்கோடு அல்ல.

ஆனால் ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள்: விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, ஏழாம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11-ன் பட்டியலில் இல்லை. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

பாதிராத்திரி

கழற்றும்போதே ரேமையும் பார்த்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜர் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2' என்றிருந்தால் இன்னொரு 4 ஜிபி போடலாம். அந்தத் தலைமுறையில் டிடிஆர்4-உம் உண்டு, சில மாடலில் டிடிஆர்3எல்-உம் உண்டு. வெட்டு இருக்கும் இடம் வேறு, மாற்றி வாங்கினால் உள்ளேயே போகாது. பழைய ரேம் குச்சியின் ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எஸ்எஸ்டி போட்டபின் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' வார அட்டவணையை யாராவது அணைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். எஸ்எஸ்டி என்று தெரிந்தால் விண்டோஸ் அங்கே டீஃப்ராக் அல்ல, ட்ரிம்தான் (அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்வது) ஓட்டுகிறது.

நெய்தல்23

ஸ்லாட் 2-ல் 1 என்றுதான் காட்டுகிறது. டேலி ஃபோல்டர் காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது, இதுவரை ஒரு ஃபைல்தான் நின்றது. ஆப்டிமைசரை அன்இன்ஸ்டால் செய்தேன், போகும்போதும் பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஒரு பெட்டி காட்டிவிட்டுத்தான் போனது.