புதுப்பிப்பு: 1966 மஸ்டாங்குக்குள் மழைத் தண்ணீர் வந்த வழி

மழை பெய்தால் என் 1966 ஃபோர்டு மஸ்டாங்கில் டிரைவர் பக்கத் தரை நனைகிறது, முன் கண்ணாடி ரப்பரை மாற்றியும் நிற்கவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். கவுலை, அதாவது முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பக்கத்தில் இருக்கும் தகட்டுப் பெட்டியைப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். அதேதான்.

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வைப்பர் பக்கத்துக் காற்றுச் சல்லடையில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். நேராக முகத்தில் விழுந்தது.

அந்தக் கால மஸ்டாங்குகளுக்கு இது பரம்பரை வியாதி. கவுல் என்பது ஓரமெல்லாம் ஸ்பாட் வெல்டிங் செய்த இரண்டு தகடுகள். உள்ளே விழும் இலையும் மண்ணும் ஈரத்தைப் பிடித்துவைத்து, கீழ்த் தகட்டில் வென்ட்டை (காற்று வண்டிக்குள் வரும் துளை) சுற்றி எழும்பி நிற்கும் வளையத்தை அரித்துவிடும். மேலே ஒட்டிச் சமாளிக்க பிளாஸ்டிக் வளையம் விற்கிறார்கள். அடியில் துரு அதுபாட்டுக்கு வளரும், எனக்கு மனசு ஒப்பவில்லை.

கண்ணாடி, ஃபெண்டர், பானெட் எல்லாம் கழற்றி, ஒவ்வொரு வெல்டாக டிரில் போட்டு மேல் தகட்டைத் தூக்கினேன். உள்ளே மக்கிய பைன் மர ஊசியிலைகள். வளையம் விரல் பட்டதும் அப்பளமாக நொறுங்கியது. புதிதாக வெல்டிங், துரு பிடிக்காமலிருக்க எபாக்சி பிரைமர், தண்ணீர் புகாமலிருக்க இணைப்பு நெடுக சீம் சீலர் பசை. மூடும் முன் மறுபடி தண்ணீர் ஊற்றியாயிற்று, சொட்டு இல்லை.

அப்புறம், வண்டி பிரிந்து கிடக்கும்போதே பிரேக்கையும் பார்க்கிறேன். இந்த 1966 மாடலில் மாஸ்டர் சிலிண்டருக்கு (மிதியை அழுத்தினால் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) ஒரே அறை. ஓரிடத்தில் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. 1967 மாடலின் இரட்டை அறை சிலிண்டர் வாங்கியிருக்கிறேன். வாங்குபவர்கள் டிரம் பிரேக்குக்கா டிஸ்க் பிரேக்குக்கா என்று கேட்டு வாங்குங்கள், இரண்டும் வேறு.