கல்யாண வேலைகளைச் சொந்தங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது எப்படி?

கேள்வி: வைகைக்கரை

வணக்கம். வரும் தை மாதத்தில் மதுரையில் என் அக்காவின் திருமணம் நடைபெறவுள்ளது. ஏறத்தாழ 400 பேரை அழைக்கிறோம். நிச்சயம் முடிந்த நாளிலிருந்து, சீர்ப் பலகாரம் முதல் வாசல் தோரணம் வரை எதையும் விலைக்கு வாங்கக் கூடாது, நாங்களே செய்து தருகிறோம் என்று உறவினர்களும் அக்காவின் தோழிகளும் உரிமையோடு சொல்லி வருகிறார்கள். பெரிய அத்தை அதிரசமும், காரைக்குடிச் சித்தி கைமுறுக்கும் செய்வதாகக் கூறியிருக்கிறார்கள். சோழவந்தானில் இருக்கும் தாய்மாமா வெற்றிலையையும் குருத்தோலைத் தோரணத்தையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அண்ணி 400 தாம்பூலப் பைகளைத் தைத்துத் தருவார். மணமாலைகளையும் தலைக்குச் சூடும் பூச்சரத்தையும் தோழிகள் கட்டப் போகிறார்கள்.

இவ்வளவு அன்பு கிடைப்பதில் மகிழ்ச்சிதான் என்றாலும், சென்ற ஆண்டு எங்கள் உறவில் நடந்த ஒரு திருமணத்தில், கட்டித் தருவதாகச் சொன்ன மாலை விடியும்வரை முடியாமல், மணமகளின் தம்பி அதிகாலை நான்கு மணிக்குப் பூச்சந்தைக்கு ஓடியதை நேரில் கண்டவள் நான். அதைவிடச் சங்கடமானது, சின்ன அத்தையும் அதிரசம்தான் செய்வேன் என்று நிற்பது. அவர் சுடும் அதிரசத்தைக் கடிக்க முடியாது என்பது குடும்பம் முழுவதும் அறிந்த செய்தி. மறுத்தால் மனம் நோகும் என்கிறார் அம்மா. எவற்றைக் கையால் செய்துகொள்ளலாம், எவற்றை விட்டுவிட வேண்டும், யாரிடம் எப்படிச் சொல்வது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: மூன்று கல்யாணம் பார்த்தவள்

யார் எதை விரும்புகிறார்கள் என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். செய்த பொருள் எத்தனை நாள் தாங்கும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அதிரசம் இந்த வகையில் மிகவும் வசதியான பலகாரம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இலேசான ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்து, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கையில் உருட்ட வரும் பதத்தில் இறக்கிய வெல்லப்பாகில் கிளறி வைத்தால், அந்த மாவு இரண்டு மூன்று நாள் ஊறிய பிறகுதான் அதிரசம் மெத்தென்று வரும். சுட்டபின் ஒரு வாரம் கெடாது. ஆகவே திருமணத்துக்கு எட்டு நாள் முன்பு மாவு கிளறி, நான்கு நாள் முன்பு சுட்டால், நடுவில் ஏதேனும் தவறினாலும் மறுபடி செய்ய அவகாசம் இருக்கும். பாகு இளகியிருந்தால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும். அப்போது கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து சமாளிக்கலாம். முற்றிவிட்டால்தான் கல்லாகிவிடும். உங்கள் சின்ன அத்தையின் குறை அனேகமாகப் பாகில்தான் இருக்கும். பாகைப் பெரிய அத்தை எடுக்கட்டும், தட்டிப் போடுவதையும் எண்ணெயிலிருந்து எடுத்து இரண்டு கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி எண்ணெய் வடிப்பதையும் சின்ன அத்தை பார்க்கட்டும். எப்படியும் இரண்டு பேர் இல்லாமல் முடியாத வேலை அது என்பதால், யாரையும் ஒதுக்கியதாக ஆகாது.

கைமுறுக்கு அப்படியல்ல. மாவை மொத்தமாகப் பிசைந்து வைத்தால் நேரம் ஆக ஆக முறுக்கு சிவந்துவிடும். சிறிது சிறிதாகப் பிசைய வேண்டும். சுற்றத் தெரிந்த கை எத்தனை என்று சித்தியிடம் இப்போதே கேளுங்கள். தனி ஒருவரானால் சீர்த்தட்டுக்கு வைக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பந்தியில் வைக்கும் முறுக்கைச் சமையல்காரரிடம் விட்டுவிடலாம்.

பூவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மல்லிகை நம் ஊருடையது என்ற பெருமை தை மாதத்தில் கைகொடுக்காது. பனியில் மொட்டு வரத்துக் குறைந்து, முகூர்த்த நாளில் விலை கிலோவுக்குச் சில ஆயிரங்களைத் தொட்டுவிடும்; அந்த விலைக்கும் சில நாள் கிடைப்பதில்லை. மணமாலைகளைப் பூக்கட்டுபவரிடம் முன்பணம் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். தோழிகளுக்குக் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் கலந்த கதம்பச் சரத்தைக் கொடுங்கள். முதல்நாள் மாலை வாழைநாரில் கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் காலைவரை வாடாது. நாலு முழம் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது.

பதில்: ஊசிநூல்

தாம்பூலப் பைக்குக் கணக்குச் சொல்கிறேன். ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம் கொள்ள எட்டு அங்குல அகலமும் பத்து அங்குல உயரமும் போதும். அடியில் தையல் வராமல் மடித்துத் தைக்க, ஒரு பைக்கு 9க்கு 22 அங்குலத் துண்டு வேண்டும். 36 அங்குல அகலக் காடாத் துணியில் குறுக்கே நான்கு துண்டுகள் வரும். மீட்டருக்கு ஏழு பை என்று வைத்தால் 400 பைக்கு 57 மீட்டர் ஆகிறது. வெட்டுச் சேதாரத்துக்குச் சேர்த்து 60 மீட்டர் வாங்குங்கள், கைப்பிடிக்கு நாடா தனி. நாளுக்கு இருபது பை என்றாலும் இருபது நாள் ஆகும். அண்ணி வீட்டு வேலைக்கு நடுவே தைப்பவராக இருந்தால் கார்த்திகையிலேயே தொடங்கிவிட வேண்டும். வெட்டுவதையும் நாடா கோப்பதையும் மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளலாம். அவசரத்தில் கடையில் கிடைக்கும் மெல்லிய பைகளுக்குப் போய்விடாதீர்கள். பார்க்கத் துணி போலிருந்தாலும் நெய்யப்படாத அந்தப் பைகள் பிளாஸ்டிக்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது.

பதில்: பந்தல்காரர் மகன்

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் முதலில் மண்டபத்தின் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல மண்டபங்களில் அலங்காரமும் சமையலும் அவர்கள் சொல்லும் ஆட்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். வாசலில் தோரணம் கட்ட அனுமதி உண்டா என்று கேட்காமல் மாமாவை ஓலை வெட்டச் சொல்லாதீர்கள். குருத்தோலை வெட்டிய மறுநாளே வாடத் தொடங்கும். முதல்நாள் காலையில் வெட்டி ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, மண்டபத்திலேயே பின்னுவது நல்லது. மங்கல வீட்டுத் தோரணத்தின் மடிப்பு வேறு, துக்க வீட்டுத் தோரணத்தின் மடிப்பு வேறு என்பதால், இளையவர்கள் பின்னினால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இன்னொன்று, முகூர்த்தத்தன்று காலையில் உறவினர் எவருக்கும் கைவேலை மிச்சம் வைக்காதீர்கள். என் தங்கை திருமணத்தில் வாசலில் மாக்கோலம் போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா தாலி கட்டுவதைப் பார்க்கவே இல்லை. இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

பதில்: வைகைக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. மண்டபத்தில் விசாரித்தேன், வாசலில் தோரணம் கட்டலாம், மேடை அலங்காரத்தைத் தொடக் கூடாது என்றார்கள். மணமாலைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. அதிரச ஏற்பாட்டைச் சின்ன அத்தையிடம் சொன்னபோது, "அக்கா பாகு எடுத்தால் எனக்கு நிம்மதி, எனக்குப் பதம் பிடிபடுவதே இல்லை" என்று அவரே சொல்லிவிட்டார். கைமுறுக்குச் சுற்றச் சித்தியோடு அவருடைய நாத்தனாரும் வருகிறார். காடாத் துணி வாங்க ஞாயிற்றுக்கிழமை அண்ணியுடன் செல்கிறேன். துணியைத் தைப்பதற்கு முன் நனைத்து உலர்த்த வேண்டுமா என்பதை மட்டும் ஊசிநூல் அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஊசிநூல்

வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்துங்கள். காடா முதல் நனைப்பில் சுருங்கும். 60 மீட்டரை 63 ஆக்கிக்கொள்ளுங்கள்.