இஞ்சம்பாக்கம் வீடு விற்பனை: 2018-ல் அடைத்த கடன் வில்லங்கச் சான்றில் (ஈசி) இன்னும் நிற்கிறது, என்ன செய்வது?

ஆறாவது சந்து:

வணக்கம். இஞ்சம்பாக்கத்தில் அப்பா 1996-ல் வாங்கிய ஒரு கிரவுண்ட் மனை, அதில் வீடு. ஈசிஆருக்கு மேற்கே உள்ளடங்கிய சந்து. கடலைப் பார்க்க வேண்டுமானால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். மாடி எடுப்பதற்காக அப்பா 2013-ல் வீட்டுக்கடன் வாங்கினார். 2018-ல் முழுதாக அடைத்து, பத்திரங்களைத் திரும்ப வாங்கிவந்து பீரோவில் வைத்துப் பூட்டினார். 2019-ல் தவறிவிட்டார்.

இப்போது வீட்டை விற்கிறோம். 2 கோடி 40 லட்சத்துக்கு முடிவாகி, 10 லட்சம் அட்வான்ஸ் வாங்கியாயிற்று. 90 நாளில் கிரயம் என்று ஒப்பந்தம். அதில் 50 நாள் ஓடிவிட்டது.

வாங்குபவர் விவரமான ஆள். முதல் நாளே ஒரு ரூபாய்க் காசை எடுத்து சன்ஷேடின் அடியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். இரண்டு இடத்தில் பொள்ளல் சத்தம். உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது என்று சொல்லி 5 லட்சம் குறைத்தார். போர் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். அதெல்லாம் தாண்டியாயிற்று. இப்போது அவருக்குக் கடன் தரும் வங்கியின் வக்கீல் ஃபைலை நிறுத்தி வைத்திருக்கிறார். வில்லங்கச் சான்றில் 2013-ம் ஆண்டு 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்ற அடமானப் பதிவு அப்படியே இருக்கிறதாம், ரத்தானதற்கான பதிவு இல்லையாம்.

அப்பா கடன் வாங்கிய வங்கி 2020-ல் வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. பழைய கிளை இருந்த இடத்தில் இன்று பிரியாணிக் கடை. புதிய கிளைக்குப் போனால், "எங்கள் சிஸ்டத்தில் இந்தக் கணக்கே வரவில்லை" என்கிறார்கள். கையில் இருப்பது கடன் முடிந்ததாக 2018-ல் கொடுத்த ஒரு கடிதம், சீல் பாதி அழிந்துவிட்டது. வக்கீல் வாரிசுச் சான்று பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கிறார். அது எல்லாருக்கும் கேட்கிற கேள்விதான் என்று புரோக்கர் சொல்கிறார். அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

பனையூர்ப் பக்கம்:

வரவேற்கிறேன், நானும் இதே கிணற்றில் விழுந்து எழுந்தவன். கடனை அடைத்துப் பத்திரத்தை வாங்கி வந்தால் வேலை முடிந்தது என்றுதான் நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். அடமானத்தைப் பதிவு செய்தது போலவே அது தீர்ந்ததையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணமாகப் பதிய வேண்டும். அதற்கு வங்கியின் அதிகாரம் பெற்ற ஆள் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கடிதத்தை ஆயிரம் முறை நகல் எடுத்துக் கொடுத்தாலும் ஈசி மாறாது.

கடலிலிருந்து எவ்வளவு தூரம்? 500 மீட்டருக்குள் என்றால் சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) கேள்வியும் வரும்.

ஆறாவது சந்து:

தூரம் அதைவிட அதிகம். மாடிக்கு மாநகராட்சி அனுமதி வாங்கித்தான் கட்டியது, பிளான் இருக்கிறது. அதில் சிக்கல் இல்லை.

சாவிக்கொத்து:

சார், உங்களுக்கு ஏன் இந்த அலைச்சல்? ரொக்கப் பார்ட்டி ஒருவர் கையில் இருக்கிறார். லோன் கிடையாது, வக்கீல் ஒப்பீனியன் கிடையாது. இரண்டு கோடி. ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன்.

பனையூர்ப் பக்கம்:

ஒரு ரசீது பதியாததற்கு 40 லட்சம் தள்ளுபடியா! போங்கள் தம்பி.

ஓய்வுபெற்ற கேஷியர்:

வங்கியில் 31 வருடம் இருந்தவன் சொல்கிறேன். கணக்கு எண்ணை வைத்துக்கொண்டு தேடச் சொல்லாதீர்கள். இணைப்பின்போது எண்கள் மாறியிருக்கும். மூடிய கணக்குகள் பல இடங்களில் புதிய சிஸ்டத்துக்கு வரவே இல்லை. கவுன்டரில் இருக்கும் பிள்ளை பொய் சொல்லவில்லை, அவர் திரையில் உண்மையிலேயே வராது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஈசியில் அந்த 2013 பதிவின் ஆவண எண் இருக்கும். அதை வைத்து நீலாங்கரை சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ, எங்கே பதிவானதோ அங்கேயோ சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். அந்த ஆவணத்திலேயே எந்தக் கிளை, எவ்வளவு தொகை, எந்தெந்தப் பத்திரம் ஒப்படைத்தார்கள் என்று எழுதியிருக்கும். அந்த நகல், 2018 கடிதம், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கடன் முடிந்த மாதத்துப் பாஸ்புக் பக்கம், எல்லாவற்றையும் சேர்த்துக் கிளைக்கு ஒரு செட், மண்டல அலுவலகத்துக்கு ஒரு செட். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து இன்னொரு நகலில் பெற்றுக்கொண்ட சீல் வாங்குங்கள். சீல் விழுந்த காகிதத்துக்கு எங்கள் ஆட்கள் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், செர்சாய் (வங்கி அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடு) பதிவிலும் அந்த அடமானம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈசியில் தீர்த்துவிட்டு அங்கே விட்டுவிட்டால் வாங்குபவரின் வங்கி மறுபடி கேட்கும்.

கடன் முடிந்த 30 நாளில் பத்திரத்தையும் தந்து அடமானத்தையும் நீக்க வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது. ஆனால் அது 2023 டிசம்பர் 1-லிருந்துதான். உங்கள் 2018 கணக்குக்கு அதைக் காட்டிச் சண்டை போட முடியாது. இப்போது கடன் முடிப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது சந்து:

ஐயா, மிக்க நன்றி. நாளைக்கே மனுப் போடுகிறேன்.

மூலப்பத்திரம்:

எல்லாரும் ரசீதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த 'இரண்டு வரி'தான் உறுத்துகிறது. வக்கீல் என்ன எழுதியிருக்கிறார் என்று அப்படியே போடுங்கள். வாரிசுச் சான்றில் யார் யார் பெயர்?

ஆறாவது சந்து:

அம்மா, நான், தங்கை, பாட்டி. அப்பாவின் அம்மா. பாட்டி 2022-ல் இறந்துவிட்டார். வக்கீல் எழுதியது: 'நான்காம் வாரிசின் பங்கு யாருக்குப் போனது என்பதற்கான ஆவணம் தேவை.' பாட்டியின் இறப்புச் சான்றைக் கொடுத்தால் முடிந்துவிடும் என்று புரோக்கர் சொன்னார்.

மூலப்பத்திரம்:

முடியாது. உங்கள் உண்மையான சிக்கல் இதுதான்.

நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள் வருபவர், அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினார், உயில் எழுதவில்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்படியானால் மனைவி, பிள்ளைகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் நிலை வாரிசு. 2019-ல் அப்பா கண் மூடிய அன்றே வீடு நான்கு சம பங்காகிவிட்டது. பாட்டிக்குக் கால் பங்கு. பாட்டி இறந்ததால் அந்தப் பங்கு உங்களிடம் திரும்பி வராது. அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அப்பாவுக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்?

ஆறாவது சந்து:

ஒரு அத்தை மதுரையில், ஒரு சித்தப்பா ஆவடியில். பாட்டி உயில் எதுவும் எழுதவில்லை. கைநாட்டுத்தான். ஆனால் இந்த வீட்டுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே! ஒரு செங்கல் வாங்கித் தந்தது கிடையாது.

மூலப்பத்திரம்:

செங்கல் கணக்கைச் சட்டம் கேட்காது. பாட்டியின் கால் பங்கு மூன்றாகப் பிரியும்: அத்தைக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, அப்பாவின் இடத்தில் உங்களுக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒன்று. இந்தச் சுற்றில் அம்மாவுக்குப் பங்கு வராது, அவருக்கு ஏற்கெனவே வந்த கால் பங்கோடு சரி. ஆக அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் ஆளுக்கு 12-ல் ஒரு பங்கு. உங்கள் விலையில் தலைக்கு 20 லட்சம்.

அவர்கள் பணம் வாங்குகிறார்களோ, விட்டுக்கொடுக்கிறார்களோ, அது உங்கள் குடும்பப் பேச்சு. ஆனால் கையெழுத்து வேண்டும். பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தனியாக விடுதலைப் பத்திரம் போடுவதைவிட, கிரயப் பத்திரத்திலேயே அவர்களும் விற்பவர்களாகச் சேர்ந்து கையெழுத்திடுவது சுலபம். பாட்டிக்கும் தனியாக வாரிசுச் சான்று வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டீர்கள்? பதிவு செய்தீர்களா?

ஆறாவது சந்து:

நானும் அம்மாவும். பதிவு செய்யவில்லை. தங்கை சிங்கப்பூரில், தன் சார்பில் கையெழுத்திடப் பவர் பத்திரம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மூலப்பத்திரம்:

ஐந்து பேர் வீட்டை இரண்டு பேர் விலை பேசியிருக்கிறீர்கள். வாங்குபவர் நல்லவராக இருப்பதால் தப்பித்தீர்கள். இன்றே அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, கெடுவை நீட்டி எழுதி வாங்குங்கள். அவராக அத்தை விஷயத்தைக் கண்டுபிடித்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

தங்கையின் பவர் அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தாகலாம், அல்லது நோட்டரி செய்து அபோஸ்டில் (அந்நாட்டு அரசின் சான்றொப்பம்) வாங்கி வரலாம். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டி முறைப்படுத்த வேண்டும். உறை வந்த தேதியைப் பத்திரமாக வையுங்கள்.

உப்புத்தண்ணி:

தங்கை சிங்கப்பூர் என்றதும் என் வயிறு கலங்கியது. என் நீலாங்கரை ஃபிளாட் விற்பனையில் அண்ணன் பங்கில் மாட்டிய அனுபவம். வாங்குபவர் விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, அதாவது டிடிஎஸ், எல்லாருக்கும் ஒன்றல்ல. வீட்டின் மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்கு 1 சதவீதம். தலைக்கு 50 லட்சம் என்று பிரித்துப் பார்த்துத் தப்பிக்கும் வழி 2024 அக்டோபரோடு போயிற்று, ஆகவே உங்கள் அத்தையின் 20 லட்சத்துக்கும் 1 சதவீதம் உண்டு.

வெளிநாட்டுவாசிக்கு அந்த 1 சதவீதக் கணக்கே கிடையாது. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், அதன் மேல் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகள். குறைந்த பிடித்தத்துக்கான வருமான வரித்துறைச் சான்று கையில் இல்லை என்றால் ஆதாயத்தைப் பார்க்காமல் அவருக்குப் போகும் முழுத்தொகையிலும் பிடிப்பார்கள். தங்கைக்குக் கால் பங்கும் பாட்டி வழியில் வந்த துண்டும் சேர்த்தால் 70 லட்சம் வருகிறது. வாங்குபவர் தெரியாமல் 1 சதவீதம் மட்டும் பிடித்தால் மிச்சத்தை வருமான வரித்துறை அவரிடம்தான் கேட்கும். தங்கையை இப்போதே ஒரு ஆடிட்டரைப் பிடித்து அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அண்ணனுக்கு அது வர ஆறு வாரம் ஆயிற்று.

(பொதுத் தகவல்: போர் தண்ணீர் இன்னும் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்றால் கொடுத்து வைத்தவர்கள். ஆழம் கூட்டிவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் கூட்டினார், நாலு வீட்டுக்கும் உப்பு ஏறியது.)

ஆறாவது சந்து:

ஐந்து வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். கேஷியர் ஐயா சொன்ன வழியில் சான்றிட்ட நகல் நான்கு நாளில் கிடைத்தது. மண்டல அலுவலகத்தில் சீல் வாங்கிய பிறகு மூன்றாவது வாரம் கிளையிலிருந்தே போன் வந்தது. நேற்று மேனேஜர் நீலாங்கரைக்கு வந்தார், கேமராவைப் பார்த்தார், விரல் வைத்தார், பத்து நிமிடத்தில் போய்விட்டார். ஏழு வருடம் நின்ற விஷயம்.

வாங்குபவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு 60 நாள் நீட்டித்தார். தங்கை விண்ணப்பித்திருக்கிறாள்.

சித்தப்பா தனக்குப் பணம் வேண்டாம் என்றார். அத்தையும் அப்படித்தான் சொல்வார் என்று எண்ணிக்கொண்டு மதுரைக்குப் போனேன். சாப்பாடு போட்டார், வெற்றிலை மடித்துக் கொடுத்தார், "ஏன்டா, என் பங்கு எவ்வளவுன்னு சொன்னே?" என்று கேட்டார். 20 லட்சம் என்றேன். "சரி, செக்காவே குடுத்துடு" என்றார். அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எனக்கு பஸ்ஸில் திரும்பும்போது விழுப்புரம் வருவதற்குள் ஆறிவிட்டது. அவர் பங்கு அது.

இப்போது புதிதாக ஒன்று. இன்று காலை ஈசி போட்டுப் பார்த்தால் ரசீதுப் பதிவு வந்திருக்கிறது, ஆனால் சர்வே எண்ணில் உட்பிரிவு 2-க்குப் பதிலாக 3 என்று இருக்கிறது! மறுபடி மேனேஜரைக் கூப்பிட வேண்டுமா?

மூலப்பத்திரம்:

பதறாதீர்கள். முதலில் நேற்றுப் பதிந்த ரசீது ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். அதிலேயே 3 என்று இருந்தால் வங்கி வந்து பிழைதிருத்தல் ஆவணம் போட வேண்டும். ஆவணத்தில் 2 என்று சரியாக இருந்து ஈசியில் மட்டும் தப்பு என்றால் சார்பதிவாளருக்கு ஒரு மனு, கூட ஆவண நகல், போதும்.

ஆறாவது சந்து:

பார்த்துவிட்டேன். ஆவணத்தில் 2-தான்.

ஓய்வுபெற்ற கேஷியர்:

அப்பாடா. மனுவிலும் சீல் வாங்க மறந்துவிடாதீர்கள்.