எஸ்டேட் ஆட்களுக்கு மாநில அரசே மருத்துவக் காப்புறுதிச் சட்டம் போட முடியுமா?

பெர்ஜுந்தாய்க்காரன்

வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில் (நமக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான்) ஒட்டுக்கடை (தேநீர்க்கடை) மேசைகளில் ஒரு வாரமாக இதே சண்டை. ஒரு கட்சி ஆட்கள் சொல்வது: சிலாங்கூர் சட்டமன்றம் நினைத்தால் தோட்ட முதலாளியும் குத்தகைக்காரரும் ஒவ்வொரு ஆளுக்கும் மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் போடலாம், ஒய்பிக்குத்தான் (சட்டமன்ற உறுப்பினருக்குத்தான்) மனசில்லை. மறு கட்சி: அது கூட்டரசு அதிகாரம், மாநிலம் கைவைத்தால் கோர்ட்டில் நிற்காது. அதற்கு இவர்கள், "அப்புறம் மாநிலத்தின் பெடுலி சிஹாட் மருத்துவ உதவிக் கார்டு மட்டும் எப்படிக் கொடுத்தாங்க?" என்று மடக்குகிறார்கள்.

எது சரி? பிரிவு எண்ணோடு சொன்னால் நல்லது. குத்தகைக்காரரிடம் செம்பனைக் குலை வெட்டும் ஆட்களுக்கு இப்போது சட்டப்படி என்ன இருக்கிறது என்பதையும் யாராவது எழுதுங்கள்.

ஒன்பதாம்_அட்டவணை

அரசியலமைப்பின் 74ஆம் பிரிவையும் ஒன்பதாம் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பட்டியல் கூட்டரசுடையது. அதில் 15ஆவது இனம் (பட்டியலின் 15ஆவது தலைப்பு) தொழிலாளரும் சமூகப் பாதுகாப்பும். வேலையில்லாதோர் காப்புறுதி, பேறுகால உதவி, சேமநிதி எல்லாவற்றோடும் "உடல்நலக் காப்புறுதி" என்ற சொல்லே அங்கே இருக்கிறது. 8ஆவது இனம் வணிகம். அதில் "கட்டாயக் காப்புறுதி உட்பட காப்புறுதி" என்று எழுதியிருக்கிறது. மருத்துவமனையும் கிளினிக்கும் 14ஆவது இனம். மூன்றுமே நாடாளுமன்றத்தின் கையில்.

எல்லை தாண்டி மாநிலம் சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 பிப்ரவரி 9 தீர்ப்பைப் பாருங்கள். கிளந்தானின் ஷரியா குற்றவியல் சட்டத்தில் 16 பிரிவுகளைக் கூட்டரசு நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் செல்லாது என்றது. நீதிமன்றம் பார்ப்பது சட்டத்தின் பெயரை அல்ல, அதன் உயிர் எந்தப் பட்டியலில் விழுகிறது என்பதை. "தொழிலாளர் நல்வாழ்வுச் சட்டம்" என்று அழகாகப் பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பது கட்டாயக் காப்புறுதி என்றால் கதை முடிந்தது. தனிமனிதர் இப்படி வழக்குப் போட முதலில் அரசியலமைப்பின் 4(4)இன் கீழ் கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ஒருவரின் அனுமதி வாங்கவேண்டும்.

பெடுலி சிஹாட் விஷயம் வேறு. 2017இல் வந்த அந்தத் திட்டத்தில் மாநிலம் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. தன் வரவுசெலவுப் பணத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 500 ரிங்கிட் கொடுத்தது, திட்டத்தில் சேர்ந்த பேனல் கிளினிக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. காசு கொடுப்பது ஒன்று, முதலாளியின் பையில் கைவிடுவது இன்னொன்று. ஒட்டுக்கடையில் இரண்டையும் ஒரே குவளையில் ஊற்றிக் கலக்குகிறார்கள்.

மலைவேம்பு

மேலே எழுதியவர் பெரும்பாலும் சரி. ஆனால் "கதை முடிந்தது" என்பது கொஞ்சம் அவசரம். 76A பிரிவை விட்டுவிட்டார். கூட்டரசுப் பட்டியலில் உள்ள ஒரு விவகாரத்தில் மாநிலச் சட்டமன்றமே சட்டம் இயற்றலாம் என்று நாடாளுமன்றம் அனுமதி கொடுக்க அதில் வழியிருக்கிறது. ஆகவே சரியான பதில் "முடியாது" அல்ல, "புத்ராஜெயா (கூட்டரசு) கதவைத் திறந்தால் முடியும்". ஒய்பியிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: அந்த அனுமதியைக் கேட்டு எழுதினீர்களா?

மூன்றாவது பட்டியல் பொதுப் பட்டியல். அதில் பொதுச் சுகாதாரமும் நோய்த்தடுப்பும் வருகின்றன. டெங்கிப் புகையடிப்பு, தோட்ட லயத்துச் சாக்கடை, நீரிழிவுப் பரிசோதனை முகாம் போன்றவற்றில் மாநிலத்துக்குச் சட்ட அதிகாரமே உண்டு. கூட்டரசுச் சட்டத்தோடு மோதினால் மட்டும் 75ஆம் பிரிவின்படி அடிபடும். மருத்துவச் செலவுக் காப்புறுதியை இந்தப் பட்டியலுக்குள் இழுத்துக்கொண்டு வரமுடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

பணப் பக்கமும் பார்க்கவேண்டும். மாநிலம் நினைத்தபடி புதிய வரி போடமுடியாது. நிலம், கனிமம், காடு, பொழுதுபோக்கு வரி, சில உரிமக் கட்டணங்கள் என்று பத்தாம் அட்டவணையில் வரவுகள் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு இவ்வளவு பிரீமியம் என்று கட்டாயமாக வசூலிக்க அங்கே இடமில்லை.

பெர்ஜுந்தாய்க்காரன்

நன்றி. இன்னொருவர் அமெரிக்காவை இழுக்கிறார். "காப்புறுதி வாங்கு என்று அரசாங்கம் கட்டாயப்படுத்துவதே அரசியலமைப்புக்கு விரோதம், ஒபாமா சட்டமே கோர்ட்டுக்குப் போச்சு" என்கிறார்.

ஒன்பதாம்_அட்டவணை

போனது உண்மை, தோற்றது உண்மையில்லை. 2012 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்று அந்தச் சட்டத்தின் கட்டாயப் பகுதி தப்பித்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அதற்குப் போதாது, ஆனால் வாங்காதவரிடம் வாங்கும் தண்டத்தை வரியாகப் பார்த்தால் நிற்கும் என்றார்கள். அந்தத் தண்டத்தையும் 2017இல் வந்த சட்டம், 2019 முதல் பூஜ்யமாக்கிவிட்டது. அங்கே அவ்வளவு இழுபறி ஏன் என்றால், அவர்களுடைய அரசியலமைப்பில் "உடல்நலக் காப்புறுதி" என்று எங்குமே இல்லை. வணிகம், வரி என்ற வாசல் வழியாகத்தான் நுழையவேண்டும். இங்கே "கட்டாயக் காப்புறுதி" என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வாதம் இந்த ஊருக்கு ஒட்டாது.

கிராணிமேசை

குலை வெட்டுகிறவர்களுக்கு இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு யாரும் பதில் எழுதவில்லை.

கட்டாயமாக இருப்பது சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) நடத்தும் காப்பு, 1969ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டு ஆள் முதல் வகையில் (வேலைவிபத்தும் இயலாமையும்) இருந்தால் சம்பளத்தில் முதலாளி 1.75%, ஆள் 0.5% கட்டவேண்டும். 60 வயதைத் தாண்டியவருக்கு வேலைவிபத்து மட்டும், முதலாளி 1.25%. சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபரிலிருந்து 6,000 ரிங்கிட். வெளிநாட்டு ஆட்கள் 2019 ஜனவரியிலிருந்து வேலைவிபத்துக்கும், 2024 ஜூலையிலிருந்து இயலாமைத் திட்டத்துக்கும் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் இது மருத்துவக் காப்புறுதி இல்லை. வேலையிலோ வேலைக்கு வரும் வழியிலோ அடிபட்டால் வைத்தியம் உண்டு. சாதாரணக் காய்ச்சலுக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் அரசு ஆஸ்பத்திரிதான்.

வெளிநாட்டு ஆட்களுக்கென்று 2011இல் வந்த ஆஸ்பத்திரிக் காப்புறுதித் திட்டத்தில் தோட்டத் துறையைக் கட்டாயத்திலிருந்து விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் ஒட்டுக்கடையில் சண்டை போடவேண்டியது இதற்குத்தான். இதை மாற்ற அரசியலமைப்பில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவேண்டாம்.

எங்கே கோளாறு வருகிறது? ஆள் டன் கணக்கில் வெட்டி மாதம் 2,400 ரிங்கிட் வாங்குகிறார். குத்தகைக்காரர் ஏட்டில் 1,700 என்று காட்டி அதற்கு மட்டும் சொக்சோ கட்டுகிறார். அரிவாள் நழுவிக் காலில் வெட்டு, 14 நாள் எம்சி (மருத்துவ விடுப்பு). நான்கு நாளாவது எம்சி இருந்தால் தினக்கூலியில் 80% கிடைக்கும். 2,400க்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 64 ரிங்கிட், 1,700க்குச் சுமார் 45. அந்த 14 நாளில் 260 ரிங்கிட்டுக்கு மேல் போச்சு. நிரந்தர ஊனம் என்றால் அந்தக் குறை வாழ்நாள் முழுக்கத் தொடரும். சம்பளச் சீட்டையும் சொக்சோ பதிவையும் பக்கத்தில் வைத்து மாதாமாதம் ஒப்பிடுங்கள்.

விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும். "அவன் என் ஆள் இல்லை, குத்தகைக்காரன் ஆள்" என்று தோட்டம் கைகழுவ முடியாது. குத்தகைக்காரர் மூலம் வேலை செய்கிறவருக்கும் சந்தாவை முதலில் கட்டவேண்டிய பொறுப்பு பிரதான முதலாளிக்குத்தான். பிறகு அவர் குத்தகைக்காரரிடம் பிடித்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்தேன்" என்று மட்டும் பதிய விடாதீர்கள். எந்த பிளாக், எத்தனை மணி, என்ன வேலை என்று முதல் பதிவிலேயே இருக்கட்டும். பிறகு திருத்தப் போனால் சாட்சி கேட்பார்கள்.

மலைவேம்பு

ஒன்று சேர்க்கிறேன். மாநிலத்துக்கு உண்மையான பிடி நிலத்தில் இருக்கிறது. நிலம் மாநிலப் பட்டியல். செம்பனைக் காட்டை வீடமைப்புக்கு மாற்ற முதலாளி விண்ணப்பிக்கும்போது மாநிலம் நிபந்தனை போடலாம். கிளினிக்குக்கு இடம் ஒதுக்கு, பழைய ஆட்களுக்கு வீடு கொடு என்பதெல்லாம் அந்த நேரத்தில் கேட்டு வாங்கவேண்டியவை. கட்டடம் எழும்பிய பிறகு மகஜர் கொடுத்துப் பயனில்லை.

பெர்ஜுந்தாய்க்காரன்

எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு அப்படி நிபந்தனை இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

மலைவேம்பு

லாட் (நிலத்துண்டு) எண்ணும் முக்கிம் (மாவட்ட உட்பிரிவு) பெயரும் எடுத்துக்கொண்டு மாவட்ட நில அலுவலகத்தில் "சாரியான் பெர்செண்டிரியான்" (தனியார் நிலப்பதிவுத் தேடல்) கேளுங்கள். கட்டணம் கட்டினால் யாருக்கும் தருவார்கள். வரும் தாளில் "ஷாராட் ஞாத்தா" (வெளிப்படையான நிபந்தனை) என்ற வரியைப் பாருங்கள். அங்கே இன்னும் "கெலாப்பா சாவிட்" (செம்பனை) என்றே இருந்தால் நிலம் மாறவில்லை, கேட்க நேரம் இருக்கிறது.