மலைக் கவுண்டியில் வீடு வாங்குகிறவர்களுக்கு: ஓடைக் கரையும் வெள்ளக் காப்பீடும்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மனைவி மருத்துவர். பயிற்சிக்காக வந்த ஜே-1 விசாவின் நாடு திரும்பும் நிபந்தனையிலிருந்து விலக்கு கிடைத்து, ஹெச்-1பி வேலை விசாவில் வட கரோலினாவின் மேற்கு மலைப் பகுதியில் மூன்றாண்டுப் பணிக்கு வந்திருக்கிறோம். ஹேவுட் கவுண்டியில் (கவுண்டி நம் ஊர் மாவட்டம் போன்றது) ஓடையை ஒட்டி ஒரு வீடு பிடித்துப்போய் விலையும் பேசிவிட்டோம். வெள்ள வரைபடத்தில் அது 'எக்ஸ்' மண்டலம், வெள்ளக் காப்பீடு கட்டாயமில்லை என்கிறார் கடன் தரும் வங்கிக்காரர். கடல் மட்டத்திலிருந்து 2,500 அடிக்கு மேல் இருக்கும் ஊரில் வெள்ளம் எங்கிருந்து வரும்? இந்தச் செலவு தேவைதானா?

பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை நானும் இங்கே வந்த புதிதில் ஒரு ஏஜெண்டிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே "தேவையில்லை" என்றார். நல்ல வேளையாக என் கணவர் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

வெள்ளம் என்றதும் நம் நினைவுக்கு வருவது 2015 டிசம்பர் சென்னை. தண்ணீர் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறும், பிறகு நாள்கணக்கில் தேங்கி நிற்கும். மலையில் வருவது காட்டாறு. சுற்றியுள்ள சரிவுகளில் பெய்யும் மழை அத்தனையும் ஒரே பள்ளத்தாக்குக்குள் இறங்கும். காலையில் பாதம் நனையாமல் தாண்டிய ஓடை மாலையில் காரை உருட்டிக்கொண்டு போகும். உயரமான ஊர் என்பது பாதுகாப்பு அல்ல. உங்கள் வீட்டுக்கு மேலே இன்னும் எவ்வளவு மலை இருக்கிறது என்று பாருங்கள்.

இதே ஹேவுட் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 செப்டம்பரில் ஃபிரான்சிஸ், ஐவன் என்ற இரண்டு புயல்களின் மழை சில நாள் இடைவெளியில் வந்து, கான்டன் ஊரை இருமுறை மூழ்கடித்தது. 2021 ஆகஸ்ட் 17 அன்று ஃபிரெட் புயலின் மிச்சம் பிஜன் ஆற்றின் மேற்பகுதியில் கொட்டியதில் ஆறு பேர் இறந்தார்கள். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன். அது வருவதற்கு முன்பே பெய்த மழையில் மண் ஊறிப்போயிருந்தது. பக்கத்து ஆஷ்வில்லில் ஃபிரெஞ்ச் பிராட் ஆறு 24 அடியைத் தாண்டி, 1916 வெள்ளத்தின் பழைய உச்சத்தையும் முறியடித்தது. இருபது ஆண்டுக்குள் இத்தனை. ஆனாலும் "இது நூறு ஆண்டு வெள்ளம், இனி நம் காலத்தில் வராது" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நூறு ஆண்டு வெள்ளம் என்றால் எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடனுக்குள் அது ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம்.

'எக்ஸ்' மண்டலம் என்பதும் வெள்ளம் வராது என்று யாரும் எழுதிக் கொடுத்த சீட்டு அல்ல. 'ஏ', 'ஏஇ' என்ற அபாய மண்டலங்களில் கடனுக்கு இந்தக் காப்பீடு கட்டாயம், 'எக்ஸ்' மண்டலத்தில் கட்டாயமில்லை, அவ்வளவுதான். கிராமப்புறக் கவுண்டிகளில் மிகச் சிறிய ஓடைகளை வரைபடக்காரர்கள் பல நேரம் அளப்பதில்லை. ஆகவே கோடு உங்கள் வீட்டைத் தொடாததற்கு ஓடை சின்னது என்பதும் காரணமாக இருக்கலாம். அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் கோரிக்கைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் அபாய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வருவதாக, அதை நடத்தும் அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவே சொல்கிறது.

இனி நம்மைப் போன்ற விசாக்காரர்களுக்கு மட்டுமான விஷயம். இதை யாரும் நம்மிடம் சொல்வதில்லை. பேரிடர் அறிவித்த பிறகு ஃபீமா கொடுக்கும் பண உதவி குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், அகதிகள் போன்ற சில பிரிவினருக்கும் மட்டுமே. ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 விசாக்களில் இருப்பவர்களுக்குக் கிடையாது. முகாமில் இடம், உணவு, தண்ணீர் எல்லோருக்கும் உண்டு, காசோலை வராது. இங்கே பிறந்த குழந்தை வீட்டில் இருந்தால் அந்தக் குழந்தையின் பெயரில் விண்ணப்பிக்கலாம். குழந்தை இல்லையென்றால் அந்தக் கதவும் இல்லை. தகுதி உள்ளவர்களுக்கும் ஹெலீன் நேரத்தில் வீட்டுப் பழுதுக்கான உச்சவரம்பு 42,500 டாலர். பலர் கைக்கு வருவது அதில் சிறு பகுதி. ஆனால் தேசிய வெள்ளக் காப்பீட்டில் உங்கள் விசா என்ன என்று யாரும் கேட்பதில்லை. பிரீமியம் கட்டினால் பாலிசி உங்களுடையது. அக்கம்பக்கத்து அமெரிக்கர்கள் எடுக்கவில்லையே என்று நாம் ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அவர்களுக்குப் பின்னால் அரசின் கை கொஞ்சமாவது இருக்கிறது.

வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குச் செல்லாது. தனியாக எடுக்க வேண்டும். தேசியத் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர். இவை இரண்டும் தனித்தனிப் பகுதிகள். கட்டடத்துக்கு மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு சோபாவுக்கும் துணிமணிக்கும் கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. எந்த ஏஜெண்டிடம் வாங்கினாலும் இந்தத் திட்டத்தின் விலை ஒன்றே. விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் எந்த வசதியைக் குறைத்தார் என்று கேளுங்கள். 2021 அக்டோபரிலிருந்து பிரீமியம் கணக்கே மாறிவிட்டது. மண்டலத்தை வைத்து அல்ல, அந்த வீடு நீர்நிலைக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்பவற்றை வைத்து. ஆகவே நண்பர் என்ன கட்டுகிறார் என்று கேட்டுப் பயனில்லை. விற்பவரிடம் ஏற்கெனவே பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பல நேரம் அது மலிவாக இருக்கும்.

எது கிடைக்காது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2021-ல் எங்கள் பேஸ்மெண்டில் மார்பளவு சேறு. அங்கே சுவர் எழுப்பி, தரை போட்டு, அப்பா அம்மா வந்தால் தங்க ஓர் அறையும் பூஜை இடமும் அமைத்திருந்தோம். ஃபர்னஸ், வெந்நீர்க் கொதிகலன், மின் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஆழ்குளிர்ப் பெட்டி, அதற்குள் இருந்த உணவு வரை பணம் வந்தது. சுவர்ப் பூச்சு, தரைவிரிப்பு, கட்டில், கிரைண்டர் எதற்கும் ஒரு காசு இல்லை. பேஸ்மெண்டில் இருப்பதால் என்றார்கள். கிணறு, செப்டிக் டேங்க், வேலி, ஓடைமேல் போட்ட சொந்தப் பாலம் எதுவும் சேராது. கிராமத்து வீட்டில் இவைதான் பெரிய செலவு. வீடு உலரும்வரை தங்கும் ஓட்டல் வாடகையும் கிடையாது. கார் நனைந்தால் கார் காப்பீட்டில் 'காம்ப்ரிஹென்சிவ்' இருந்தால்தான். நகைக்கும் கலைப்பொருளுக்கும் சேர்த்து 2,500 டாலர் வரைதான். ஆகவே திருமண நகையை வீட்டில் வைக்காதீர்கள். இன்னொன்று மலைக்கே உரியது: சேற்று வெள்ளம் வந்தால் காப்பீடு உண்டு, மலைச்சரிவு இடிந்து வீட்டைத் தள்ளினால் இல்லை. ஹெலீனில் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் பல.

மறுகேள்வி, இன்னொருவரிடமிருந்து

அக்கா, நான் எஃப்-1 மாணவன். கல்லூரி அருகே ஆற்றோரத்தில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் காப்பீடு எடுத்திருக்கிறாராம். அது போதாதா?

பதில்

அது அவருடைய சுவருக்கு, தம்பி. உங்கள் மடிக்கணினிக்கும் மெத்தைக்கும் அல்ல. வாடகைதாரர் பொருள்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம். வானிலை அறிக்கையில் புயல் பெயர் வந்த பிறகு ஓடாதீர்கள். பொதுவாகப் பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் பாலிசி நடைமுறைக்கு வரும். வீட்டுக் கடன் கையெழுத்தாகும் நாளிலேயே அதனுடன் சேர்த்து எடுக்கும், வீடு வாங்குகிறவருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. பாஸ்போர்ட், மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம், சான்றிதழ்களை மேல் அலமாரியில் உறையிட்டு வையுங்கள். இரவில் கைபேசி கோபுரங்கள் விழுந்தால் எச்சரிக்கை வராது. பேட்டரியில் இயங்கும் வானிலை ரேடியோ ஒன்று வாங்குங்கள். ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும். சாலையில் தண்ணீரைக் கண்டால் திரும்பிவிடுங்கள்.

முதலில் கேட்டவர்

நன்றி அக்கா. ட்யூ டிலிஜென்ஸ் (வாங்கும் முன் வீட்டை ஆராய்ந்து விலகிக்கொள்ளத் தரும் கெடு) முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அதற்குள் என்ன செய்வது?

பதில்

அந்தக் கெடு தாண்டினால் மனம் மாறினாலும் முன்பணம் போய்விடும், ஆகவே நாளையே தொடங்குங்கள். வெள்ளக் காப்பீட்டுக்கு எழுத்தில் விலை வாங்குங்கள். மாநிலத்தின் ஃபிரிஸ் என்ற இணைய வெள்ள அபாய வரைபடத்தில் முகவரி போட்டுப் பாருங்கள். விற்பவர் தரும் தகவல் படிவத்தில் 2024 ஜூலையிலிருந்து வெள்ளம் பற்றிய கேள்விகள் உண்டு. ஆனால் 'கருத்துச் சொல்லவில்லை' என்று குறித்துவிட்டுத் தப்பிக்கவும் இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படிக் குறித்திருந்தால் பக்கத்து வீட்டு முதியவரிடம் போய்ப் பேசுங்கள். பிறகு ஓடைக் கரை மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைகளில் கிழிந்த பிளாஸ்டிக்கும் காய்ந்த புல்லும் சிக்கியிருக்கும். அது எந்த உயரத்தில் இருக்கிறது, உங்கள் வரவேற்பறைத் தரை எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு டேப் பிடித்து அளந்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்.