புதுப்பிப்பு: கோத்தகிரி திரைக்கதை, இரண்டாம் சுற்றோடு சரி

தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில் நடக்கும் என் 138 பக்கத் திரைக்கதையைப் போட்டிக்கு அனுப்பலாமா என்று மார்கழியில் கேட்டிருந்தேன். "முதலில் வெட்டு" என்றீர்கள். வெட்டினேன், 104 பக்கம்.

திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் படத்தில் ஒரு நிமிடம் என்ற கணக்கு, கூரியர் என்ற எழுத்துருவில் 12 புள்ளி அளவில் அடித்த ஆங்கிலப் பக்கத்துக்கானது. தமிழ் வசனம் இடம் அதிகம் பிடிக்கும். அதனால் சத்தமாகப் படித்து, கைபேசியில் நேரம் பார்த்தேன். பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ!

பெரிய திருத்தம் சித்தியால் வந்தது. இருபது வருடம் கொழுந்து பறித்தவர். எடைக் காட்சியைக் கேட்டுவிட்டு, "சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பாங்களே, அது எங்கடா தம்பி?" என்றார். அந்தக் காட்சியில் இருந்த மூன்று பக்க வாக்குவாதம் போச்சு. இப்போது கணக்கர் 24 கிலோவை அடித்து 22 என்று எழுதுகிறார். நாயகி அவர் பென்சில் நுனியையே பார்க்கிறாள், அவ்வளவுதான்.

கடைசி நாளில் மழை, கரண்ட் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து அனுப்பினேன்.

முதல் சுற்று தேறியது, இரண்டாவதில் போய்விட்டது. வந்த குறிப்பு ஒரே வரி: நாயகிக்கு என்ன வேண்டும் என்பது 40ஆம் பக்கத்தில்தான் தெரிகிறது. கடுப்பாக இருந்தது, ஆனால் சரிதான். அந்தப் பென்சில் காட்சியை 6ஆம் பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.